வான்கப்பலில் ஒரு கழிவறை

இந்த வெற்றி விழாவுக்குத் தலைமை ஏற்று, நான் எழுந்தவுடன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்ட தலைவர் அவர்களே! என் நாவலைப் படமாக்கிய தயாரிப்பாளர் ஐயா அவர்களே! என் நாவலைப் படித்ததாக நேர்காணல்தோறும் சொல்லிவரும் இயக்குநர் அவர்களே! முன்வரிசையில் மெத்தை நாற்காலிகளில் வீற்றிருக்கும் பெரியோர்களே! நடுவரிசையில் பிள்ளைகளை மடியில் இருத்தியிருக்கும் தாய்மார்களே! கடைக்கோடியில், கயிறு கட்டிப் பிரித்த இடத்தில், படத்தில் பூதங்களாக வந்து இன்று சொந்த முகத்தோடு நின்றுகொண்டிருக்கும் துணை நடிகர் தோழர்களே, தோழியரே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான் என்று வாசலிலேயே தயாரிப்பு மேலாளர் சொல்லி அனுப்பினார். "ரெண்டாம் பாகத்துக்குச் சம்மதம்னு மட்டும் சொல்லுங்க மேடம். கைதட்டுவாங்க. உட்கார்ந்துடுங்க." நல்ல யோசனை. சுருக்கமான யோசனை. ஆனால் அந்தச் சம்மதம் இன்னும் என் வாய்க்குள்ளேதான் இருக்கிறது. அது வெளியே வருவதற்கு முன், என் அண்ணியின் வேலை போன கதையை நீங்கள் கேட்டாக வேண்டும். அண்ணி இந்தப் படத்தில் நடித்தார். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

ஏன் கூப்பிடுவதில்லை? அதைச் சொல்ல நாவலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் நாவலில் ஒரு கப்பல் வானில் மிதக்கிறது. பூமியைப் பாழாக்கிய மனிதர்கள், மிச்சத்தையும் பாழாக்குவதற்காக அதில் ஏறிப் போகிறார்கள். மேல்தளத்தில் மேன்மக்கள். கீழ்த்தளத்தில் வேலைக்காரர்கள். கப்பலுக்குள் காற்று எங்கிருந்து வருகிறது? கீழ்த்தளத்துப் பாசித் தோட்டத்திலிருந்து. பாசிக்கு உரம் எங்கிருந்து வருகிறது? எல்லாத் தளத்துக் கழிவறைகளிலிருந்தும். அந்தக் கழிவறைகளைக் கழுவி, கழிவைச் சுமந்துபோய்த் தோட்டத்தில் சேர்க்கும் பெண்தான் என் கதாநாயகி. ஒருநாள் அவளும் அவள் கூட்டாளிகளும் வேலையை நிறுத்துகிறார்கள். மேல்தளத்தில் மூச்சு முட்டுகிறது. கதை அவ்வளவுதான். நடுவரிசையில் ஓர் அம்மா மூக்கைப் பொத்திக்கொள்கிறார். பொத்திக்கொள்ளுங்கள் அம்மா, இன்னும் கொஞ்ச நேரத்துக்கு அது உதவும்.

கதை விவாதத்துக்கு என்னை அழைத்தார்கள். குளிரூட்டிய அறை, கண்ணாடி மேசை, நடுவில் பிஸ்கட். இயக்குநர் சொன்னார்: "உலகத்தரமான கதை மேடம். ஒரே ஒரு சின்ன மாற்றம். கழிவறை வேண்டாம்."

"அப்போ கப்பல்ல இருக்கறவங்க எங்கே போவாங்க சார்?"

"போகமாட்டாங்க மேடம். இது ஃபேண்டஸி."

"காற்று?"

"நீலக்கல்."

"கல்லு எப்படி சார் காத்து குடுக்கும்?"

"ஜொலிக்கும் மேடம்."

அறிவியலில் எனக்கு அதுவரை தெரியாத ஒன்றை அன்று தெரிந்துகொண்டேன். கழிவறை கழுவும் என் கதாநாயகி கப்பல் தலைவனின் மகள் ஆனாள். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டேன். "கோபப்படுவா" என்றார்கள். கீழ்த்தளத்து மக்கள் பூதங்கள் ஆனார்கள். "மனுஷங்களாவே காட்டினா, எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கேன்னு ஜனங்க நினைப்பாங்க மேடம்" என்று விளக்கமும் தந்தார்கள். நியாயம்தானே? உழைப்பவனை உழைப்பவனாகக் காட்டினால் பார்க்கிறவனுக்கு உறுத்தும். கொம்பு வைத்துக் காட்டினால் குழந்தையும் கைதட்டும்.

பெரியோர்களே! கற்பனை நாவலைப் படமாக்குவது எளிதா? இல்லை. "ஆயிரம் பூதங்கள் அணிவகுத்தன" என்று நான் எழுதினால் எனக்குச் செலவு ஒரு சொட்டு மை. காகிதத்துப் பூதத்துக்குக் கால் வலிக்காது, காகிதத்துப் பூதத்துக்குக் கழுத்து வியர்க்காது, காகிதத்துப் பூதத்துக்குக் காலைச் சாப்பாடு வேண்டாம். ஆனால் திரைக்கு வரும்போது? ஒவ்வொரு பூதத்துக்குள்ளும் ஒருத்தியை நிறுத்தியாக வேண்டும். அவள் வீட்டில் சோறு வடித்துவிட்டு வந்திருப்பாள். வருகிற அவசரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்திருப்பாள். சிக்கல் அந்தத் தண்ணீரில் தொடங்குகிறது.

என் அண்ணி ஒரு பூதம். முன்பக்கமாக மாட்டும் ரப்பர் உடை, பின்னால் முதுகு நெடுக நாடா, அதன்மேல் பசை. தானாகப் போடவும் முடியாது, தானாகக் கழற்றவும் முடியாது. படப்பிடிப்பு நடந்தது ஒரு பழைய கிடங்கில். கதாநாயகனுக்கு ஒரு கேரவன். கதாநாயகிக்கு ஒரு கேரவன். கதாநாயகியின் நாய்க்குக் கேரவன் இல்லை, அது கதாநாயகியின் கேரவனையே பகிர்ந்துகொண்டது. எளிமையான நாய். பூதங்களுக்கு? கிடங்குக்குப் பின்னால் ஒரு மதில். ஆண்கள் மதிலைப் பயன்படுத்தினார்கள். பெண்கள் உதவி இயக்குநரிடம் போய்க் கேட்டார்கள்.

"தம்பி, நாங்க எங்கே போறது?"

"அக்கா, பூதம் ஒண்ணுக்குப் போகும்னு கதையிலேயே இல்லையே!"

எல்லோரும் சிரித்தார்களாம். அண்ணியும் சிரித்தார். பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். காலையில் கிளம்பும் முன் கிடையாது, மதியச் சோற்றோடும் கிடையாது. அடிவயிற்று வலியோடு காய்ச்சல் வந்து, நான்தான் மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

"ஏம்மா, தண்ணி குடிக்கிறதே இல்லையா?"

"குடிச்சா வருமே டாக்டர்."

"வந்தா போகணும்மா."

"அதைத்தான் டாக்டர் நாங்களும் கேட்டுப் பார்த்தோம்."

மருத்துவர் மாத்திரை கொடுத்தார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அண்ணி மருத்துவர் சொல்லைத் தட்டாதவர். தண்ணீர் குடித்துவிட்டே படப்பிடிப்புக்குப் போனார்.

இங்கேதான் கலை இயக்குநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அவசரப்பட்டு என் நாவலைப் படித்துவிட்டார். திரைக்கதை மாறுவதற்கு முன்பே, கப்பலின் மேல்தளத்தில் அழகான கழிவறை ஒன்றைக் கட்டிவிட்டார். பளிங்கு போன்ற சுவர், பளபளக்கும் குழாய், கடையில் வாங்கிய உண்மையான பீங்கான். பிறகு காட்சி வேண்டாம் என்று ஆனதும், இடித்தால் செலவு என்று கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்கள். அந்தக் கதவை அண்ணி கண்டுபிடித்தார். ஒருத்திக்கு ஒருத்தி நாடாவைப் பிரித்துவிட்டு, பூதங்கள் வரிசையில் நின்றார்கள்.

"ஏண்டி, குழாயில தண்ணி வரலியே?"

"எந்தக் குழாயில வந்துச்சு? நீ போயிட்டு வா!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். குழாயில் தண்ணீர் வராததைக் கண்டு அது பொய்க் குழாய் என்று நீங்களும் நானும் கண்டுபிடித்திருப்போம். அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஏன்? தண்ணீர் வராத குழாய்தான் அவர்கள் தெருவில் உண்மையான குழாய். கழுவாத கழிவறைதான் அவர்கள் பார்த்த பொதுக் கழிவறை. அங்கே அவர்களுக்குச் சந்தேகம் வரும்படி எதுவும் இல்லை. இருந்த ஒரே அதிசயம், உள்ளே தாழ்ப்பாள் விழுந்ததுதான்.

பீங்கானுக்குக் கீழே குழாய் கிடையாது. ஒட்டுப்பலகைதான். பலகைக்குக் கீழே என்ன? கீழ்த்தள மண்டபம். மண்டபத்தின் நடுவே என்ன? நீலக்கல்.

அன்று எடுத்த காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். கதாநாயகன் கல்லின் முன் மண்டியிடுகிறான். "எங்களுக்கு மூச்சுக் கொடு" என்று மன்றாடுகிறான். அப்போது கல்லின் உச்சியிலிருந்து ஒரு துளி மெல்ல, மிக மெல்ல, ஒளியைச் சுமந்தபடி வழிந்து இறங்குகிறது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டிய இடம். "கல்லின் கண்ணீர்" என்று விமர்சகர்கள் எழுதிய இடம். இயக்குநர், அது ஒளிப்பதிவாளரின் கைவண்ணம் என்று நினைத்தார். ஒளிப்பதிவாளர், கலை இயக்குநரின் வேலை என்று நினைத்தார். பாராட்டு வந்தபோது மூவருமே அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்கள்.

மேடையில் இருப்பவர்களுக்கு விழா நினைவாகக் கேடயம் கொடுத்திருக்கிறார்கள். அதில் பொறித்திருப்பதும் அந்தத் துளிதான். தலைவர் அவர்களே, கேடயத்தைக் கீழே வைக்க வேண்டாம், அது வெறும் படம். என் வருத்தமெல்லாம் வேறு. இத்தனை பெரிய படத்தில் என் நாவலுக்கு நேர்மையாக இருந்த காட்சி அது ஒன்றுதான். கீழே இருப்பவர்கள் சுமக்கும் கழிவில்தான் மேலே இருப்பவர்களின் மூச்சு இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். யாரும் படமாக்கவில்லை. பூதங்களே படமாக்கிக்கொண்டார்கள். இயக்குநர் கீழே குனிந்துகொண்டிருக்கிறார். செருப்பைத் தேடுகிறார் போலும். காலில்தான் இருக்கிறது சார்.

மறுநாள் நாற்றம் வந்தது. விசாரணை வந்தது. மேலாளர் பூதங்களை வரிசையில் நிறுத்தி, "யார் வேலை இது?" என்று கேட்டார். அண்ணிதான் வாய் திறந்தார்.

"எல்லாரும்தான் சார் போனோம். முதல்ல போனது நான்."

"செட்டுன்னு தெரியாதா? அறிவில்லையா?"

"கதவு இருந்துச்சு, தாழ்ப்பாள் இருந்துச்சு. அப்புறம் எப்படி சார் தெரியும்? நிஜமானது எங்கே இருக்குன்னு நீங்க காட்டியிருந்தா, இதுக்குள்ள எதுக்குப் போறோம்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக, அண்ணியை இனிக் கூப்பிடக் கூடாது என்று துணை நடிகர் ஏஜென்டுக்குச் சொல்லிவிட்டார்கள். நாற்றத்தை வாசனையடித்து விரட்டினார்கள், அண்ணியைச் சொல்லால் விரட்டினார்கள். துளி படத்தில் தங்கிவிட்டது.

இதோ, தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். "நேரம் முடிந்தது. சம்மதத்தைச் சொல்லவும்." சொல்கிறேன் தலைவரே.

தயாரிப்பாளர் ஐயா, இரண்டாம் நாவலும் என்னுடையது. அதிலும் கூட்டம் வருகிறது. பனிக்கோள் ஒன்றில் பெரும் படை நிற்கிறது. அந்தப் படைக்குள் இருக்கப்போவது இந்தக் கயிற்றுக்குப் பின்னால் நிற்பவர்கள்தான். என் கதாநாயகியை இளவரசியாக்குங்கள், பொறுத்துக்கொள்கிறேன். கல்லைக் காற்றுவிடச் சொல்லுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் இவர்களுக்குக் கழிவறை வேண்டும். சுவரும் கூரையும் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள, கீழே குழாய் உள்ள கழிவறை. என் அண்ணிக்கு வேலை திரும்ப வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் என் நாவலின் ஒரு வரியும் உங்களுக்குக் கிடையாது.

ஐயா தலையாட்டுகிறார். தலையாட்டினால் பின்வரிசைக்குத் தெரியாது ஐயா. ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.

"கட்டிடலாம்மா" என்கிறார். கேட்டீர்களா? நன்றி ஐயா. எப்போது? "படப்பிடிப்பு ஆரம்பிச்சதும்." ஆரம்பித்த பிறகா? அதுவரை படை பொறுத்துக்கொள்ளுமா? "சரிம்மா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி." தண்ணீரோடுதானே? "தண்ணியோடதான்மா, விடும்மா." விட்டுவிட்டேன் ஐயா. அண்ணியின் வேலை? "பார்க்கலாம்." பார்க்கலாம் என்பது எங்கள் வீட்டில் பதில் இல்லை ஐயா. அண்ணி அதோ, தூணுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

"நாளைக்கே வரச் சொல்லும்மா!"

கைதட்டாதீர்கள், கொஞ்சம் இருங்கள். அண்ணி கையைத் தூக்குகிறார். அமைதி, அமைதி. அண்ணி, சத்தமாகச் சொல்லுங்கள்.

"முதல்ல கட்டச் சொல்லு! எங்க பொண்ணுங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லட்டும்! அப்புறமா வர்றேன்!"

இப்போது கைதட்டுங்கள்.

தயாரிப்பாளர் ஐயா, என் சம்மதமும் அதே நாளில்தான் உங்கள் கைக்கு வரும். அவர்கள் உள்ளே போய், தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்து, வெளியே வந்து சரி என்று சொல்லும் நாளில். அதுவரை பேனா என்னிடமே இருக்கட்டும்.

வாய்ப்புத் தந்த தலைவருக்கும், வாக்குத் தந்த தயாரிப்பாளருக்கும், மூக்கைப் பொத்தியபடியே கடைசிவரை கேட்ட அந்த அம்மாவுக்கும் நன்றி. இவ்வளவு நேரம் எழுந்து போக முடியாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் மேடையிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இடதுபக்கக் கதவு. தண்ணீர் வருகிறது. வணக்கம்.