கமிட் நம்பர் போடாத வரி

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி வசதியாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. அலுவலகத்தில் என்னுடையது இடது பக்கம் சாயும். அதையும் எழுதிக் கொடுத்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

மருத்துவமனையில் சொட்டு மருந்து ஏற்றும் கருவிக்கான மென்பொருளை பேக்கேஜாகக் கட்டி அனுப்புவது என் வேலை. அதன் மூல நிரலான சோர்ஸ் கோடு வேறொரு டீமின் களஞ்சியத்தில் இருக்கும். அங்கே நடக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், எண்ணும் எழுத்தும் கலந்து நாற்பது எழுத்தில், ஒரு கமிட் நம்பர் உண்டு. சோதித்துப் பார்த்த நம்பரைப் போட்டு, ‘இதை மட்டும் எடு’ என்று எழுதுவதுதான் முறை. பேக்கேஜ் கட்டும் எங்கள் கோப்பில் அந்த வரியில் நம்பரே கிடையாது. யார் எதைப் போட்டிருந்தாலும், கடைசியாக வந்ததை அள்ளிக்கொண்டு வந்துவிடும்.

எங்கள் டீம் லீடரை ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இதைப் பற்றிப் பதினோரு மெயில் போட்டேன். பதினொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. பிறகு நேரிலேயே போனேன்.

“புதுசு இருக்கும்போது பழசுக்கு ஏன்டா அழுவுற?”

“எவனாவது தப்பா எதையாவது போட்டுட்டா, சார்?”

“எவன்டா போடப் போறான்? உனக்கு வேற வேலையே இல்லையா, தம்பி?”

வேலை இருந்தது. அந்தக் களஞ்சியத்தில் எழுதும் உரிமையும் இருந்தது. மருந்தின் அளவில் ஒரு தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்தேன். ஒன்று பத்தாகும், அவ்வளவுதான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எடுத்துக் காட்டுவதாக இருந்தேன். கூட்டத்தைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். புள்ளியைத் திருப்பி வைக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் திருப்பி வைத்துவிட்டால் எதைக் காட்டுவது?

புதன்கிழமை பேக்கேஜ் போனது. வியாழக்கிழமை மருத்துவமனையின் நான்காம் மாடியில் இருவர் இறந்தார்கள்.

அவசரம் என் மேசைக்கே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“மெஷின் கோளாறுன்னுதான் பேசிக்கிறாங்க. எதுக்கும் நீ சொன்ன மாதிரி நம்பர் போட்டுட்டேன்டா. இனிமே ஒரு எழுத்துகூட மாறாது. சரிதானே?”

எட்டிப் பார்த்தேன். நாற்பது எழுத்தும் முழுசாக, பிழையில்லாமல் இருந்தன. எப்போதும்போல அவசரமாக, கடைசியாக வந்த கமிட்டின் நம்பரையே எடுத்துப் போட்டிருந்தார். அது என்னுடையது, புள்ளியைத் தள்ளி வைத்த அதே மாற்றம்.

“சரிதான் சார்” என்றேன்.

அடுத்த வாரம் அதே மாடியில் மூவர். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. இத்தனை நாள் கழித்து ஒரு மனிதர் என் பேச்சைக் கேட்டு, ஒரு வேலையை முறைப்படி செய்திருக்கிறார். அதில் போய்க் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.