சைக்காலஜி எடும்மா

ஓர் உயிரின் விலை, வேதியியலில் ஒரு 'பி' கிரேடு. பேரம் பேசியிருந்தால் அந்த விலைக்குப் படிந்திருக்காது. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பேரம் பேசத் தெரியாது.

நான் ஜவுளிக்கடையில் வளர்ந்தவன், ஐயா. வந்தவர் கேட்ட துணியை விற்க மனமில்லை என்றால் அப்பா அதைக் குறை சொல்லமாட்டார். பக்கத்தில் இன்னொன்றை விரித்துப்போடுவார். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் தேர்ந்து கொடுக்கும் வேலையிலும் நான் அதைத்தான் செய்தேன்.

மருத்துவக் கல்லூரிக்கு எங்கள் பள்ளி ஆண்டுக்கு ஒருவரைத்தான் அனுப்பும். வகுப்பில் முதலிடம் தையல்காரர் மகள். அடுத்தது என் மகன். அவளுக்கு எல்லாவற்றிலும் 'ஏ', வேதியியலில் மட்டும் 'பி'. அதிலேயே அவள் தூக்கம் போயிருந்தது.

“கெமிஸ்ட்ரி இல்லாம டாக்டருக்குச் சேர முடியுமா சார்?” என்றாள்.

“சைக்காலஜி எடும்மா. கண்ணை மூடிட்டு ஏ வாங்குவே. மனுஷன் மனசு தெரியாதவன் என்ன டாக்டர்?”

பொய் ஏதும் சொல்லவில்லை, கவனியுங்கள். முந்தைய ஆண்டு வேறொரு பையனிடமும் இதையே சொல்லிப் பார்த்திருந்தேன். கை பழக வேண்டுமே.

பாடப் படிவத்தோடு வந்த தையல்காரர் சிரித்தார். “எங்களுக்கென்ன தெரியும் சார். நீங்க அளவு சொன்னா நாங்க வெட்டுறோம்.” படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு ஆண்டு கழித்து அவள் விண்ணப்பம் திரும்பி வந்தது. வேதியியல் படிக்காதவரைக் கல்லூரி ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. என் அறையில் அன்று பாடம் கேட்க உட்கார்ந்த அதே நாற்காலியை அவள் முன்னால் இழுத்து உட்கார்ந்தாள். அழவில்லை.

“நீங்க நல்லதுக்குத்தானே சார் சொன்னீங்க” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

மறுநாள் அவள் உயிரோடு இல்லை. தானே தேடிக்கொண்ட முடிவு என்றார்கள்.

இடம் என் மகனுக்கு வந்தது. ஒரு பருவம்கூட அவன் தாங்கவில்லை. பிணவறையில் துணியை விலக்கும்போதெல்லாம் அவள் முகமாம். திரும்பி வந்தவன் ஒன்றுதான் கேட்டான்:

“அவளுக்கு அந்தப் பாடத்தை யாருப்பா தேர்ந்து கொடுத்தது?”

“அவளேதான்டா.”

அதன்பின் அவன் என்னோடு பேசவில்லை.

காலையில் அறையைத் திறந்தால் அந்த நாற்காலி சற்று முன்னால் நகர்ந்திருக்கிறது. பெருக்குகிற அம்மாவைக் கேட்டேன். “அதை நான் தொடறதே இல்ல சார்” என்றார். நான் பின்னுக்குத் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்குகிறேன்.

கணக்கைப் பாருங்கள், ஐயா. வந்த இடமும் போயிற்று, பெற்ற பிள்ளையும் போயிற்று. நட்டப்பட்டவன் நான்தான். தையல்காரருக்கு நான் எதுவும் பாக்கியில்லை, கையெழுத்து அவருடையது.