ஒன்பதாவது வியாழக்கிழமை

கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்தான். "நான் ஒண்ணுமே பண்ணல சார்." கன்னடத்தில் சொல்வார்கள், உருதுவில் சொல்வார்கள், எங்கள் லிங்கராஜபுரத்தில் பாதிப் பேர் தமிழில் சொல்வார்கள். பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அது உண்மைதான். மனிதர்கள் ஒன்றும் செய்வதில்லை. இரவில் அது தானாகவே அப்டேட் ஆகிறது, காலையில் எழுந்திருக்க மறுக்கிறது.

என் தங்கை சிந்துவும் அதையேதான் சொன்னாள். செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்தி, காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தாள்.

"அப்டேட் ஆகட்டும்னு விட்டுட்டுப் படுத்தேண்ணா. இப்ப நீலமா வந்து ஏதோ நம்பர் கேக்குது. நான் ஒண்ணுமே பண்ணல."

பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. இப்போது வரும் லேப்டாப்புகள் உள்ளே இருப்பதைத் தாங்களாகவே பூட்டி வைத்துக்கொள்கின்றன. சில அப்டேட்டுகளுக்குப் பிறகு அதற்குத் தன் சொந்தக்காரர் மேலேயே சந்தேகம் வந்துவிடும். நாற்பத்தெட்டு இலக்கத்தில் ஒரு சாவி எண் கேட்கும். அந்த எண் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவதைத் தவிர யாராலும் எதுவும் செய்ய முடியாது.

எண் எங்கே இருக்கும் என்றால், லேப்டாப்பை முதன்முதலில் யாருடைய அக்கவுண்டில் திறந்தார்களோ அங்கே இருக்கும். எங்களைப் போன்ற சின்னக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வருகிறவருக்குத் தன் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது, அவசரம் வேறு. ஆகவே எங்கள் கடை அக்கவுண்டிலேயே திறந்து, தயார் செய்து கையில் கொடுத்துவிடுவோம். யாரும் கேட்டதில்லை. அப்படி முன்பின் தெரியாத இருநூறு பேருடைய சாவிகள் என் அக்கவுண்டில் வரிசையாகக் கிடந்தன. அவற்றோடு 'சின்னு' என்ற பெயரில் ஒன்று. சிந்துவை நான் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கறேன்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

சிந்துவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது, எனக்கு இருபத்தொன்று. அப்பா அதற்கு முன்பே இல்லை. தலை பின்னிவிட ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களிலும் பெண் வீட்டார், தங்கையை எப்போது கட்டிக்கொடுப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். இதையெல்லாம் தியாகம் என்று சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. கடையை மூடிவிட்டு வந்தால் விளக்கு எரியும் வீடு, அவ்வளவுதான்.

அவள் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆறு வருடமாகச் சைகையிலேயே பாடங்களை வீடியோ எடுத்து வந்தாள், முந்நூற்றுப் பன்னிரண்டு பாடங்கள். பின்னம் என்றால் என்ன என்று ஒரு சப்பாத்தியைப் பிய்த்துக் காட்டும் பாடத்தை எனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். சைகை தெரியாத எனக்கே பின்னம் அன்றைக்குத்தான் விளங்கியது. அதில் வந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்து எங்கெங்கோ போய்விட்டார்கள். படம் எடுத்தவன் கிரண், அதே பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுப்பவன், அவனுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. கேமரா அட்டை நிறைந்ததும் வீடியோவை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு அட்டையில் இருப்பதை அழித்துவிடுவார்கள். ஒரு ஹார்ட் டிஸ்க் எடுத்துக் கொடு என்று ஆகஸ்டில் கேட்டாள். தீபாவளிக்கு விலை குறையும், அப்போது வாங்கலாம் என்றேன். அதை ஒரு தப்பாக நான் இன்றும் எண்ணவில்லை.

அயர்லாந்தில் ஒரு நிறுவனம் அந்தப் பாடங்களில் சிலவற்றைப் பார்த்துவிட்டு இருவரையும் இரண்டு வருடம் அங்கே வந்து வேலை செய்யக் கூப்பிட்டிருந்தது. நவம்பர் பதினைந்துக்குள் எல்லாப் பாடங்களையும் அனுப்ப வேண்டும். போவதற்கு முன் கல்யாணம் என்றும் பேசிக்கொண்டார்கள். கிரண் நல்ல பையன், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். தெரியாத ஊர், குளிர். ராத்திரி இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து கூப்பிட்டால் அவனுக்கு எப்படிக் கேட்கும்? அண்ணன் என்று ஒருவன் இதையெல்லாம் யோசிக்காமல் இருக்க முடியுமா?

அன்று கடையில் ஷட்டரைத் தூக்கியதும் என் அக்கவுண்டைத் திறந்தேன். எண் இருந்தது. எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு இலக்கம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினேன். நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் தாமதத்தால் யாருக்கு என்ன? சாயங்காலம், சாவி எண் இல்லாமல் கஷ்டம் என்று சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. அன்றைக்கு ரொம்ப நாள் கழித்து என் தோளில் சாய்ந்து அழுதாள். மறுநாளும் நான் சொல்லவில்லை.

விவேக் நகர் குழந்தை ஏசு கோயிலில் ஒன்பது வியாழக்கிழமை தொடர்ந்து வேண்டிக்கொண்டால் நடக்காதது நடக்கும் என்பார்கள். எங்களைப் போல இந்துக்களும் போவார்கள். சிந்து வேண்டிக்கொண்டாள். ஸ்கூட்டரில் நான்தான் கூட்டிப்போனேன், ஒரு வாரம்கூட விடவில்லை. வாசலில் மெழுகில் செய்த உருவங்கள் விற்பார்கள், வீடு கேட்பவர்களுக்கு வீடு, பிள்ளை கேட்பவர்களுக்குப் பிள்ளை.

"லேப்டாப் இருக்காம்மா?" என்று சிந்து கேட்டாள். கடைக்காரம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "புஸ்தகம் வாங்கிக்கோ கண்ணு. அதுவும் தொறந்து மூடறதுதானே." சிந்து சிரித்துவிட்டாள். மெழுகுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இடையில் சிந்துவும் கிரணும், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் மூன்று கடைகளுக்குப் போய் வந்தார்கள். எண் இல்லையென்றால் அழித்துவிடலாம் என்று மூன்றிலும் சொன்னார்களாம். மூன்றாவது கடைக்காரன் மட்டும், முதலில் யார் அக்கவுண்டில் திறந்தது என்று கேட்டிருக்கிறான். அன்றைக்கு இருவரும் நேரே என் கடைக்கு வந்தார்கள்.

"அண்ணா, நீதானே மொதல்ல போட்டுக் குடுத்தே? உன்னோடதுல இருக்குமா?"

"அதையெல்லாம் அன்னைக்கே பாத்துட்டேம்மா. இல்ல."

கிரண் என் உதட்டைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தான். அவர்கள் பார்ப்பது வேறு மாதிரி, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பது போல. பிறகு சிந்துவின் பக்கம் திரும்பி விரல்களால் ஏதோ சொன்னான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். என்ன சொன்னான் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்பதாவது வியாழன் நவம்பர் ஆறு. கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அல்சூரைத் தாண்டும்போது பின்னாலிருந்து சொன்னாள்.

"நாளைக்குக் கிரண் கடைக்கு வருவாரு. நீ உன் அக்கவுண்டத் தொறந்து ஒரு தடவை காட்டிடுண்ணா. எனக்கு வேணாம், அவரு வாயை அடைக்கத்தான்."

"பேசாதவன் வாயை நான் எப்படி அடைக்கறது?" என்றேன்.

"கையைக் கட்டணும்" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

அவள் உள்ளே போனாள். நான் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று போனை எடுத்தேன். உள்ளே தமிழில் செபம் நடந்துகொண்டிருந்தது, ஒலிபெருக்கியில் நன்றாகக் கேட்டது. வரிசையில் 'சின்னு'வைத் தேடி எடுத்தேன். அழித்தால் திரும்பக் கிடைக்காது, நிச்சயமா என்று கேட்டது. இந்த மாதிரி எச்சரிக்கைகளை யாரும் படிப்பதில்லை. நான் முழுவதும் படித்தேன். பிறகு ஆம் என்றேன்.

சிந்து வெளியே வந்து என் நெற்றியைத் தொட்டாள். "எனக்கென்னமோ இன்னைக்குத் தொறந்துடும்னு தோணுதுண்ணா" என்றாள்.

மறுநாள் கிரண் வந்தான், சிந்துவும் கூட வந்தாள். அக்கவுண்டைத் திறந்து காட்டினேன். இருநூறு பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான், ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கடைசிப் பெயரையும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் அதே சைகை.

"மெஷின் சொல்றத நம்பமாட்டாராம்" என்றாள் சிந்து. "வாய் ஒண்ணு சொல்லுதாம், மூஞ்சி ஒண்ணு சொல்லுதாம். நீ பொய் சொல்றியாம்."

நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அவளே பேசினாள். அவனுக்காகக் கையாலும் எனக்குக் கேட்கும்படி வாயாலும் பேசினாள். "எங்கம்மா செத்தப்ப எனக்கு ஏழு வயசு. எனக்குத் தலை பின்னுனது இந்தக் கை. சோறு ஊட்டுனது இந்தக் கை. இது பொய்னா அப்புறம் நான் எதை நம்பறது? நீ போ. இனிமே வராதே." அந்தக் கடைசி வார்த்தைக்கான சைகை மிகவும் சிறியது, மணிக்கட்டை ஒரு தடவை அசைத்தாள். எனக்குத் தெரிந்த ஒரே சைகை அதுதான்.

பதினைந்தாம் தேதி ஒரு சாதாரண சனிக்கிழமையாகக் கடந்துபோனது. கிரண் ஜனவரியில் ஹுப்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்விட்டான் என்று கேள்வி. சிந்து மறுபடியும் முதல் பாடத்திலிருந்து எடுக்க முயன்றாள். ஏழு பாடத்தோடு நிறுத்திவிட்டாள். பள்ளி வேலையையும் விட்டுவிட்டாள்.

இப்போது என் கடையில்தான் உட்காருகிறாள். வேலையில் படு சுத்தம். புது லேப்டாப் வாங்குகிற ஒவ்வொருவரையும், எவ்வளவு அவசரமானாலும், அவரவர் அக்கவுண்டிலேயே திறக்க வைக்கிறாள். சாவி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கிறாள். சில சமயம் அவளுடைய பழைய பிள்ளைகள் தெருவில் போகும்போது நின்று சைகையில் என்னவோ கேட்கிறார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டுகிறாள். கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்கிறாள். வீட்டில் கூப்பிட்டால் வருகிறாள், கொடுத்தால் சாப்பிடுகிறாள். கடையை மூடிவிட்டு வந்தால் விளக்கு எரிகிறது.

இதை அவளிடம் சொல்லிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் சொன்னாலும் அது திறக்கப்போவதில்லை. எண் இல்லை. அவளுக்கு மிச்சம் இருப்பது ஒரு அண்ணன்தான், அதையும் அவளிடமிருந்து பிடுங்குகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அந்த லேப்டாப் என் அலமாரியில், கோயிலில் வைத்து வேண்டிவிட்டு அவள் திரும்ப எடுத்துவந்த மெழுகுப் புத்தகத்தின் பக்கத்தில் இருக்கிறது. புதிதாக ஏதாவது அப்டேட் வந்தால் ஒருவேளை திறந்துகொள்ளும் என்று மாதம் ஒரு முறை எடுத்துப் போட்டுப் பார்க்கிறாள். நீலத் திரை வருகிறது, மூடி வைக்கிறாள். அதற்கு முந்தின நாளே நான் மறக்காமல் சார்ஜ் ஏற்றி வைத்துவிடுவேன். பாவம், அவள் போடும்போது அது எரியாமல் போய்விடக் கூடாது.