பசியோடு அனுப்பச் சொன்னவள்

ஒரு பிள்ளையைப் பட்டினி போடச் சதி நடக்கிறது என்றுதான் முதலில் நம்பினேன். குறொன்லாண்ட் நிலையத்தில் காய்கறிப் பைகளோடு சுரங்க ரயிலில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

“மகளைப் பசியோடை அனுப்புங்கோ அக்கா. காலமை ஒண்டும் தின்னக் குடுக்காதேங்கோ,” என்றாள் இளையவள்.

சிறுவர் நலத்துறையிடம் நோர்வேஜிய மொழியில் சாட்சி சொல்ல, மனதுக்குள் இலக்கணம் பார்க்கத் தொடங்கினேன்.

“ஏனடி அப்பிடி?” என்றாள் மூத்தவள்.

“சமையல் குறிப்பெல்லாம் தமிழிலை எழுதிக் குசினிச் சுவரிலை ஒட்டியிருக்கிறன். வாசிச்சுச் சமைச்சால்தான் சாப்பாடு. என்ர ரெண்டு பிள்ளையளும் இடியப்பம் வரைக்கும் வந்திட்டுதுகள்.”

“என்ர மகள் எழுத்துக் கூட்டி முடிக்கவே பின்னேரமாகிடும்.”

“நல்லதாப் போச்சு. நீங்களும் பின்னேரம்தானே வேலையாலை வாறியள்?”

மூத்தவள் சிரிக்கவில்லை. “கோடை முகாமுக்குக் காசு கட்ட வழியில்லை. வேலையிலை லீவும் தரமாட்டாங்களாம். போனைக் கையிலை குடுத்து, தனிய விட்டிட்டுப் போக மனமில்லையடி.”

“அதுதான் சொல்லுறன். பள்ளிக்கூட லீவு முடியுமட்டும் நான் வீட்டிலைதான். அனுப்புங்கோ.”

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், அதே ரயிலில் மூத்தவள் வேலைச் சீருடையோடு தனியாக வந்தாள். போனில் மகளோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

“நீயே அவிச்சனியோ? முழுப் பிட்டும் முடிஞ்சுதோ? எனக்கு ஒரு வாய்கூட வைக்கேல்லையோ?”

ஸ்டோவ்னரில் எனக்கு முன்னால் இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கடைக்குள் போனாள்.