வாளித் தண்ணியில் இருந்தது

பிரசங்கத்தை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கிடுதேன். பின்னால ரெண்டு மூணு பேருக்குக் கண்ணு சொருகுது... எனக்கு இங்கிருந்தே தெரியுது. அதனால ஒரு சின்னக் கதை. இதைக் கேட்டுட்டுத் தூங்குங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

முந்தி நான் தூத்துக்குடியில ஒரு சபையில இருந்தேன். அங்க சுகிர்தம்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் தவமணி. மூணாவது மாடியில குடியிருப்பு. தவமணிக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகி, பிழைப்பாரா மாட்டாரான்னு பதினோரு நாள் கிடந்தாரு. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து சுகிர்தம் ஒரு பொருத்தனை பண்ணுதாங்க. "ஆண்டவரே, இவரு தன் கால்ல நடந்து வீட்டுக்கு வந்துட்டா, வர்ற அறுப்பின் பண்டிகைக்கு என் கையால விளைஞ்சதைக் கொண்டுவந்து வைப்பேன்."

தவமணி நடந்து வந்துட்டாரு. இப்ப யாரு முழிக்கணும்? மூணாவது மாடியில எங்க போய் விளைவிக்க? கடையில ரெண்டு கட்டுக் கீரை வாங்கி வச்சிரலாமேன்னு ஒருத்தர் யோசனை சொன்னாரு. யாருன்னு கேக்காதீங்க... நான்தான். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில யோசனையைத் திருப்பி எடுத்துக்கிட்டேன்.

அப்புறம் அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. மண்ணில்லா விவசாயம். ஒரு தொட்டி நிறையத் தண்ணி. அதுல சத்து மருந்தை மூடியால அளந்து ஊத்தணும். செடி வேரை அதுக்குள்ள விட்டுக் குடிச்சு வளரும். ஸ்பாஞ்சில பாலக்கீரை முளைக்க வச்சு, தொட்டிக்கு மாத்திட்டாங்க.

தொட்டிக்கு எந்தத் தண்ணி தெரியுமா? நம்ம பக்கத்து ஆளுங்க தண்ணியைக் கீழ விடுவோமா? ஆர்.ஓ. மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணி தந்தா, ரெண்டு குடத்தை வேஸ்ட்டுன்னு வெளிய தள்ளும். அதை வாளியில பிடிச்சு வீடு துடைப்போம், பாத்ரூமுக்கு ஊத்துவோம். சுகிர்தம் அந்த வாளியைத் தூக்கித் தொட்டியில ஊத்துனாங்க. சிக்கனம்... தப்பா? இருங்க, சொல்லுதேன்.

ஒரு வாரத்துல இலை நுனியெல்லாம் கருகுது. செடி தலையைத் தொங்கப் போடுது. பிள்ளை சோர்ந்து கிடந்தா நம்ம வீட்டு அம்மாமார் என்ன செய்வாங்க? இன்னும் ஒரு வாய் சோறு! ரெண்டு மூடி ஊத்தச் சொன்ன இடத்துல சுகிர்தம் மூணு மூடி ஊத்துனாங்க. இன்னும் கருகுச்சு. நாலு மூடி. வெயிலுக்குத் தண்ணி குறையக் குறைய, அதே வாளி, அதே மருந்து.

பண்டிகைக்கு மூணு வாரம் இருக்கு. அந்த அம்மா எனக்குப் போன் பண்ணி அழுதாங்க. "ஐயா, ஆண்டவர் என் பொருத்தனையை ஏத்துக்கலையோ? கொடுத்த ஆளைத் திருப்பிக் கேட்டுருவாரோ?"

கீரைக்கா அழுதாங்க? புருஷனுக்கு அழுதாங்க. நான் என்ன சொன்னேன்? "ஜெபிப்போம்மா"ன்னேன். கீரையைப் பத்தி எனக்கு என்ன தெரியும், தின்னத்தான் தெரியும்.

மறுநாள் ஆர்.ஓ. மெஷினுக்கு ஃபில்டர் மாத்த காஜா மொய்தீன்னு ஒருத்தர் வந்தாரு. பேனா மாதிரி ஒரு மீட்டர் வச்சிருப்பாரு, தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டும். குடிக்கிற தண்ணியில முக்குனாரு. அறுபது. சரியா இருக்குன்னு பையைக் கட்டப் போனவரு, பால்கனியில இந்தக் கீரையைப் பார்த்துட்டாரு. எந்தத் தண்ணி ஊத்துறீங்கன்னு கேட்டு, வாளியில முக்குனாரு... ஆயிரத்துத் தொள்ளாயிரம். தொட்டியில முக்குனாரு... மூவாயிரத்து நானூறு. மருந்தோட வந்த தாளை எடுத்துப் பார்த்தா, ஆயிரத்து இருநூறு போதும்னு போட்டிருக்கு.

"அக்கா, செடிக்குப் பசியில்ல. இந்த மருந்தும் ஒரு உப்புதான். நீங்க ஒரு சொட்டு மருந்து விடுறதுக்கு முன்னாலயே வாளித் தண்ணியில உப்பு நிறைஞ்சுதான் இருந்திருக்கு. அளந்து பாக்காம மேல மேல ஊத்தியிருக்கீங்க."

தொட்டியைக் காலி பண்ணி, குடிக்கிற தண்ணியை ஊத்தி, மருந்தைக் கொஞ்சம் விட்டு அளந்து, இன்னும் கொஞ்சம் விட்டு அளந்து, ஆயிரத்து இருநூறுல நிறுத்துனாங்க. தண்ணி குறைஞ்சு எண் ஏறுனா வெறும் தண்ணி. எண் இறங்குனா மட்டும் துளி மருந்து. காஜா பாய், பண்டிகை முடிஞ்சு தந்தா போதும்னு தன்னோட பழைய மீட்டரையும் வச்சுட்டுப் போனாரு. நல்ல மனுஷன். அவரை நினைச்சா இன்னைக்கும் மனசு குளிருது.

பண்டிகை அன்னைக்கு வாழைத்தாரும் பூசணிக்காயுமா வரிசையில வருது. நடுவுல சுகிர்தம், கையில மூணு கட்டுக் கீரை. பக்கத்துல தவமணி... அவர் கையில ஒரு சொம்பு தண்ணி. இத்தனை வருஷ ஊழியத்துல காணிக்கையா யாரும் எனக்குத் தண்ணி கொண்டுவந்ததில்ல. இது எதுக்கும்மான்னு மெதுவாக் கேட்டேன்.

அந்த அம்மா சொன்னாங்க, "ஐயா, தினமும் அளந்தேன்லா... அளக்க அளக்கத்தான் புரிஞ்சுது. இவரு படியேறி வந்த அன்னைக்கே எனக்கு எல்லாம் கிடைச்சாச்சு. கீரை வராட்டி இவரைப் பிடுங்கிருவாரோன்னு பயந்து பயந்து, வந்ததுக்கு ஒரு நன்றி சொல்லலை நான். கீரை பொருத்தனைக்கு; மருந்து விடுறதுக்கு முந்தியே இருக்கிற இந்தத் தண்ணி அந்த நன்றிக்கு."

பீடத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு நான் அழுதுட்டேன். சொல்ல வெக்கமில்ல. அன்னைக்கு என் பைக்குள்ள ஒரு ஜெபக் குறிப்பு இருந்துச்சு. பதினாலு விண்ணப்பம். தா, தா, தா... பதினாலு தா. நன்றி ஒண்ணுகூட இல்ல.

அன்பானவங்களே, நாமளும் அப்படித்தானே? கொஞ்சம் வாடுனா போதும், இன்னும் வேணும், இன்னும் வேணும்னு ஊத்திக்கிட்டே இருக்கோம். ஏற்கனவே என்ன இருக்குன்னு ஒருநாள் முக்கிப் பார்த்திருக்கோமா?

இன்னைக்கு வாசல்ல உங்க கையிலயும் ஜெபக் குறிப்பு எழுத ஒரு சீட்டு தந்திருக்காங்க. எழுதுங்க. கேக்க வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா பேனாவைத் திறக்கிறதுக்கு முன்னால... பக்கத்துல உக்காந்திருக்கிற உங்க ஆளை ஒரு தடவை திரும்பிப் பாருங்க. திரும்புங்க, வெக்கப்படாதீங்க. மூச்சு விடுதாங்களா?

அப்ப முதல் வரியில அதை எழுதுங்க.