பள்ளத்தில் இறங்காத ரைட்டர்

அலோ... அலோ, சேலம் பிளான் ஆபீசுங்களா? ஐயாக்கண்ணு அண்ணனுங்களா?... ஆமாங்கண்ணா, நாந்தான், நம்ம ஆபீசு ரைட்டர் காளியண்ணன். ஏற்காட்டுல எஸ்டேட் பங்களாவுல இருந்து பேசறனுங்க... ஆமாங்க, ஆமாங்க, தொரை வெளிய போயிருக்காரு. பட்லரு மூணே நிமிசம் குடுத்திருக்காரு.

அண்ணா, புது டவுன் பிளான்ல கீழ்ப்பள்ளத்துக்கு மண்ணடிச்சு பஸ் ஸ்டாண்டு கட்டறதுன்னு இருக்குதுங்களே... அதை நிறுத்தோணுமுங்க... கோவிச்சுக்காதீங்க, கேளுங்க. காத்தாலயே வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நாவ மரம் மூணு சாஞ்சிருச்சு. வேருக்கடியில தண்ணி பொங்குதுங்க... பொங்குதுங்கறேன்! கடைவீதிக் கெணறு அத்தனைக்கும் அங்கிருந்துதான் ஊறுதாமா. பெய்யற மழையும் அங்க நின்னுதான் பூமிக்குள்ள எறங்குதாமா. அதை மூடிட்டா, அடுத்த மழைக்குத் தண்ணி கூலிக்காரங்க லைன் ஊட்டுக்குள்ள பூந்துரும்.

...ஆமாங்க. நாந்தானுங்க. "தண்ணீர் கிடையாது, வெறும் புதர்"னு நாந்தானுங்க ரிப்போர்ட்டுல எழுதினேன்.

...எங்கீங்க பாத்தேன்? மரமும் தண்ணியும் இருக்கற எடத்தைப் பச்சையா அப்படியே உட்டுட்டு மீதியிலதான் ரோடும் கடையும்னு இஞ்சினீர் ஐயா படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனாரு. நான் ரோட்டு மேலயே நின்னு வரைஞ்சுட்டு வந்துட்டனுங்க... ஏன்னா... சிரிக்காதீங்க. அட்டைங்கண்ணா. உள்ள சாமிக் கல்லு இருக்குது, செருப்பைக் கழட்டிட்டுத்தான் எறங்கோணும்னாங்க. நான் ராசிபுரத்துக்காரன். காலு பூரா அட்டை ஏறுனா நான் என்னாவேன்?... ஆமாங்க, ஈரமில்லாத எடத்துல ஏது அட்டை. அன்னைக்கு அது தோணலீங்களே.

...ஏனுங்க? பொன்னுவேலுங்களா?... ஆமாங்க, வழி காட்டுன மலைக்காரரு, தலைச்சோலை ஊர்க்காரரு. சாட்சிக்கு அவரு கைநாட்டு வாங்குனேன். "என்னங்க எழுதியிருக்குது"ன்னு கேட்டாரு. "நீங்க சொன்னதத்தான்"னு சொல்லிட்டு, வெரலைப் புடிச்சு நானே அமுக்குனனுங்க.

...வேண்டாமுங்க. அவரு தலையில போட்டுட்டா நான் தப்பிச்சுக்குவேன், தெரியுது... வேலை வாங்கிக் குடுத்தது நீங்க, சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இப்ப, சந்தைக்கு வந்த அவரு ஊர்க்காரங்களே அவரை நடுவுல நிக்க வெச்சு, "சாமி பள்ளத்தை வித்துட்டயே"ன்னு கேக்கறாங்க. அந்த மனுசன் என்ன சொல்றாருன்னு தெரியுங்களா? "நான் தண்ணி இருக்குதுன்னுதான் சொன்னேன், ரைட்டரு நல்லவரு, அதைத்தான் எழுதியிருப்பாரு"ங்கறாருங்க... எனக்கு வக்காலத்து வாங்கறாருங்கண்ணா. நான் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் தொறக்கலீங்க. நொம்ப அசிங்கமா இருக்குதுங்க.

...சீட்டுக் கிழிஞ்சாக் கிழியட்டும். மத்தியானம் மண்ணு வண்டி வருது. இஞ்சினீர் ஐயாகிட்டக் குடுங்க... உங்களுக்கு ஒண்ணும் வராதுங்க, உங்க பேரை எடுக்கவே மாட்டேன். குடுங்கண்ணா...

...வணக்கமுங்க ஐயா... ஆமாங்க, கீழ்ப்பள்ளந்தானுங்க. அங்க ஊத்து இருக்குதுங்க. ரிப்போர்ட்டு பொய்யுங்க... இல்லீங்க, இல்லீங்க, மலைக்காரரு ஏமாத்தலை. அவரு மூணு தடவை சொன்னாரு. நான் எறங்கிப் பாக்காமயே எழுதிட்டனுங்க... ஆமாங்க... ஆமாங்க... தெரிஞ்சேதானுங்க எழுதினேன்...

...நாளையிலிருந்து வர வேண்டாமுங்களா?... சரிங்க... வண்டி நின்னுருமுங்களா ஐயா?... இப்பவே தந்தி குடுத்துருவீங்களா?... அது போதுமுங்க.

...இல்லீங்க, நேரா ஊருக்குப் போகலீங்க. சந்தைக்குப் போறேன். பொன்னுவேலுகிட்ட ஒண்ணு சொல்லோணும்... வண்டி நின்னதை இல்லீங்க ஐயா. அது தன்னால தெரிஞ்சுரும். அவரு கைநாட்டு வெச்ச காயிதத்தோட நகலு எங்கிட்ட இருக்குதுங்க; அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு, அத்தனை பேரு முன்னாடியும் படிச்சுக் காட்டோணும்.

வெச்சிடறனுங்க.