அடைக்கோழி

அந்தக் கோழியின் நிறம் எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. சாம்பல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று நீங்கள் கேட்டபோது அப்படியே சொல்ல வாயெடுத்தேன், சட்டென்று சந்தேகம் வந்துவிட்டது. கழுத்தில் கொஞ்சம் செம்பழுப்பு இருந்ததோ என்னவோ. மற்றதெல்லாம் நினைவிருக்கிறது என்றுதான் நம்புகிறேன். ஆனாலும் நிறம் தவறிப்போன ஒருவன் சொல்வது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அக்கா அதை டீச்சர் என்று கூப்பிடுவாள். வீட்டில் வளர்த்த மற்றக் கோழிகள் இரைக்கு அடித்துக்கொள்ளும்போது இது மட்டும் தள்ளி நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பி எல்லாரையும் பார்க்கும். அதனால் அந்தப் பெயர். அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்தாள். நானும் அவளும் மட்டும்தான். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. யார் கேட்டாலும் இவனால்தான் என்று அவள் என்னைக் காட்டுவாள், நான் அவளைக் காட்டுவேன்.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளர். பக்கத்துப் பண்ணையில் பறவைக் காய்ச்சல் உறுதியானதும், அதைச் சுற்றி வட்டம் போட்டு உள்ளே இருக்கும் பறவைகளை எல்லாம் அழிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் தெருவும் வட்டத்துக்குள் இருந்தது. பண்ணைக்காரர்களோடு பெரிய சிரமமில்லை, அவர்களுக்கு நோய் தெரியும். வீடுகள்தான் கஷ்டம். கதவைத் திறக்க மாட்டார்கள். திறந்தாலும் கோழியே இல்லை என்பார்கள், உள்ளேயிருந்து கோழி கூவும்.

எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் தெருவை மறித்துக்கொண்டு நின்றார். "சார், முதல்ல உங்க வீட்டுக் கூண்டைத் திறங்க. அப்புறம் எங்க வாசலுக்கு வாங்க" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

அவர் கேட்டது நியாயம். நான் வெள்ளைப் பாதுகாப்பு உடுப்போடு என் வீட்டுக்குள் போய் கூண்டைத் தெருவுக்கு எடுத்துவந்தேன். எல்லாரும் பார்க்க, என் கையாலேயே முடித்தேன். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அழவில்லை. டாக்ஸிக்காரர் உள்ளே போய்த் தன் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க சார். கூச்ச சுபாவம் அதுக்கு" என்றார். அன்று மாலைக்குள் எங்கள் தெரு முடிந்தது. வட்டத்துக்குள் சச்சரவு இல்லாமல் முடிந்த தெரு அது ஒன்றுதான். மேலதிகாரி மற்ற குழுக்களிடம் அதை உதாரணமாகச் சொன்னார்.

இரவு குளிக்கப் போனபோது, பின்பக்கக் குளியலறையில், வெட்டுத்துணி போடும் கூடைக்குள் டீச்சர் உட்கார்ந்திருந்தது. அடியில் முட்டைகள். அடைக்கு உட்கார்ந்த கோழி தொந்தரவு செய்தால் ஒழிய சத்தம் போடாது. இதைப் பிடிக்க வந்த ஆள் நான், எனக்கே கேட்கவில்லை.

குளித்துவிட்டு வந்தேன். அக்கா தட்டு வைத்தாள்.

"எல்லாம் போகணும்க்கா" என்றேன்.

"போச்சேடா. தெருவே பார்த்துச்சே. முட்டைமேல உட்கார்ந்தவளையும் உன் கவர்மெண்ட் இழுத்துட்டுப் போகணுமா? குஞ்சு பொரிக்கட்டும். அப்புறம் நானே பிடிச்சுத் தர்றேன்."

நான் சாப்பிட்டேன். வேறு பேச்சு எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பது சண்டை இல்லை, அது ஒரு விதமான சம்மதம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

என் யோசனையைச் சொல்கிறேன், தவறாகத் தோன்றினால் சொல்லுங்கள். ஒரே ஒரு கோழி. மூடிய அறை. வெளியே போகாது, வேறு பறவை உள்ளே வராது. நோய் வருவதற்கு வழியே இல்லை.

வழி இருந்தது. வேலை முடிந்து வந்து நான் அங்கேதான் குளித்தேன். செருப்பை அங்கேதான் கழுவினேன். கொன்ற பறவைகளைப் புதைக்கும் குழிகளுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த உடம்பை, அந்தக் கூடைக்கு ஒரு கை தூரத்தில் நின்று, தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். தெறித்த தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான்.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் கோழி. தலை தொங்கியிருந்தது, கொண்டை நீலமாக இருந்தது. மத்தியானத்திலிருந்து அப்படியே வைத்துக்கொண்டு, விரலால் அதன் வாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மூக்கில் வழிந்ததை முந்தானையால் துடைத்திருக்கிறாள்.

கோழியையும் முட்டைகளையும் பையில் கட்டினேன். மறுநாள் துறை வண்டியில் மற்ற மூட்டைகளோடு சேர்த்துக் குழியில் போட்டேன். அக்காவிடம் கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். அந்த இரவு நான் எடுத்த நடவடிக்கை அது ஒன்றுதான்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தையல்காரிக்கு முதுகுவலியும் இருமலும் புதிதில்லை என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே டாக்டருக்கு என்னைத் தெரியும். நோய் வந்த வாரத்தில் அந்த ஆஸ்பத்திரி டாக்டர்களை எல்லாம் உட்காரவைத்து நான்தான் பேசியிருந்தேன். காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் கோழியைப் பற்றிக் கேளுங்கள், அந்த ஒரு கேள்வியைத் தவறவிட்டால் மற்ற எல்லா மருத்துவமும் வீண் என்று சொல்லியிருந்தேன். இந்த டாக்டர் இளம் பெண், அன்று முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தவர்.

"நீங்க சொல்லிக் குடுத்த கேள்விதான் சார், உங்ககிட்டயே கேக்கறேன்" என்று சிரித்தார். "வீட்ல கோழி இருந்துச்சா? செத்தது எதையாவது தொட்டாங்களா?"

அக்கா வாயைத் திறந்தாள்.

"இருந்தது டாக்டர். முதல் நாளே எல்லாம் போயிடுச்சு. தெருவே பார்த்துச்சு" என்றேன்.

டாக்டர் தலையாட்டினார். பதில் சொன்னது வேறு யாராக இருந்தாலும் அவர் இன்னொரு முறை கேட்டிருப்பார். அக்காவைச் சாதாரண நிமோனியா வார்டில் போட்டார்கள்.

அப்போது வட்டத்தில் புது நோய் எதுவும் இல்லை. வட்டத்துக்குள் கோழி வளர்க்கவும் விற்கவும் போட்டிருந்த தடையை விலக்கும் நேரம் நெருங்கிவிட்டது. ஆய்வாளர் வீட்டிலேயே மறைத்த கோழி என்று வெளியே தெரிந்தால், அடுத்த முறை எந்தத் தெருவில் யார் கதவைத் திறப்பார்கள்? என் ஒருவன்மேல் மக்கள் வைத்த நம்பிக்கையில்தான் அந்த வேலை முழுவதும் நின்றது. அக்காவுக்காக மட்டும் யோசிக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன்.

மாத்திரை பற்றியும் கேட்டீர்கள். அழிப்பு வேலை செய்பவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். என் குழுவினர் ஒவ்வொருவரும் என் கண் முன்னால் விழுங்க வேண்டும். என்னுடையது என் சட்டைப் பையில் இருக்கும். அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து, அவளுக்கு வைத்திருந்த தண்ணீரிலேயே அதை விழுங்கினேன், ஒரு நாளும் தவறவில்லை. அவளுக்குக் கொடுக்கத் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. ஆனால் டாக்டர் எழுதாத மருந்தை நோயாளிக்குக் கொடுப்பது முறையில்லை.

அந்த வார்டில் ஓர் ஆயாம்மா இருந்தார். அக்காவைத் துடைப்பது, விரிப்பு மாற்றுவது, சளியை வழித்தெடுப்பது எல்லாம் அவர்தான். வாய் ஓயாமல் பேசுவார். "என்ன தம்பி, அக்காவுக்கு வாயை மூடி மாஸ்க் போட்டாச்சுன்னு தைரியமா உட்கார்ந்திருக்கீங்களா? எழுந்ததும் இருக்கு உங்களுக்கு" என்பார். அக்காவின் கண் சிரிக்கும்.

அவர் முகத்தில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. நான் கவனித்தேன். "நீங்களும் ஒண்ணு போட்டுக்கோங்கம்மா" என்றேன்.

"அதைக் கட்டுனா எனக்கு மூச்சு முட்டுது தம்பி. இது சாதா வார்டுதானே?"

"ஆமாம்மா" என்றேன்.

ஒரு மாலை அக்கா என் விரலைப் பிடித்து இழுத்தாள். ஆக்ஸிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள். "சொல்லிடவாடா?" என்றாள்.

"வேண்டாம்க்கா. தடை எடுக்கட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

சரி என்று தலையை அசைத்தாள். முகமூடியை நான்தான் திரும்பப் பொருத்தினேன். மறுநாள் காலை, ஆயாம்மா அவள் தலையை வாரிக்கொண்டிருக்கும்போது, போய்விட்டாள்.

அடக்கத்துக்குத் தெருவே வந்தது. தடையும் அந்த வாரமே விலகியது.

பிறகு ஆயாம்மாவுக்குக் காய்ச்சல். அதே டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். ஆயாம்மாவின் தெரு வட்டத்துக்கு வெளியே இருந்தது, அவரிடம் இரண்டு கோழிகள் உயிரோடு இருந்தன. இருக்கு என்று உண்மையைச் சொன்னார். சொன்னதால் சோதித்தார்கள். பறவைக் காய்ச்சல். சரியான மருந்து அவருக்குக் கொடுத்தார்கள், ஆனால் காலம் கடந்திருந்தது.

நோய் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. வெள்ளை உடுப்போடு அவர் தெருவுக்குப் போனேன். அந்த இரண்டு கோழிகளிலிருந்து தொடங்கி, அந்தப் பகுதியின் பறவைகளை எல்லாம் எடுத்தோம். அங்கே கதவைத் திறக்க யாரும் மறுக்கவில்லை. எங்கள் தெருவில் நான் செய்ததைக் கேள்விப்பட்டிருந்தார்கள்.

அந்த இரண்டு கோழிகளுக்கும் நோய் இல்லை என்று ஆய்வகத்திலிருந்து போனில் என்னிடம்தான் சொன்னார்கள். மாதிரி வரும் வழியில் கெட்டிருக்கும் என்று நான் சொன்னேன். அவர்களும் இருக்கலாம் என்றார்கள். நோய் அந்தக் கோழிகளிலிருந்து வந்ததாக முடித்தேன்.

ஆயாம்மாவின் மகள் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எங்க கோழிக்கு நோய் இருந்துச்சா சார்? அம்மா நோய்க்கோழிய மறைச்சு வெச்சுத்தான் தெருவுக்கே இந்த நிலை வந்துச்சுன்னு சொல்றாங்க. தண்ணி பிடிக்கப் போனா விலகி நிக்கறாங்க. இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னா போதும். நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் அவளிடம் மிகவும் கனிவாகப் பேசினேன். "இருந்ததும்மா. ஆனா உங்க அம்மாமேல தப்பில்ல, தெரியாம நடந்திருக்கும்" என்றேன். "உங்க அக்காவைப் பத்தி அம்மா நிறையச் சொல்லியிருக்காங்க, நல்ல மனுஷின்னு" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அவள் கொடுத்த மனுவுக்காகத்தான் என்னை விசாரணைக்கு அழைத்திருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். நோய் என் வீட்டுக் கோழியிலிருந்து என் அக்காவுக்கும், அவளிடமிருந்து ஆயாம்மாவுக்கும் போனது. அந்தக் கோழிக்கு என்னிடமிருந்து போனது. எல்லாம் எனக்கு அப்போதே தெரியும்.

மற்றவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அக்கா இறந்துவிட்டாள். ஆயாம்மா இறந்துவிட்டார். அவர் மகள் அந்தத் தெருவைக் காலி செய்துவிட்டாள். டாக்டர் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். டாக்ஸிக்காரர் மறுபடி கோழி வளர்க்கவில்லை, அக்காவின் தையல் மெஷினைத் தன் மனைவிக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன். மாத்திரை விழுங்கியதால் எனக்கு நோய் வரவில்லை, நலமாக இருக்கிறேன். எங்கள் தெருவில் இன்று காலைவரை என்னைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதில்லை.